ஆளுண்டு

மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டில் கன்னடம் தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அப்பாவுக்குத் தெரிந்தது ஃபாக்டரிக் கன்னடம்; அதில் பாதி கெட்ட வார்த்தை, மீதி மெஷின் பார்ட்ஸ் பெயர். அம்மா ஹனூர்ப் பக்கத்தில் காடு வைத்து வெள்ளாமை செய்யும் தமிழ்க் குடும்பத்துப் பெண். கர்நாடகத்தில் பிறந்து, கர்நாடகத்திலேயே வாழ்க்கைப்பட்டு, அத்தனை வருஷம் மைசூரில் குப்பை கொட்டியும் அவளுடைய கன்னடம் தேவராஜா மார்க்கெட்டைத் தாண்டி வெளியே வரவில்லை. விலை கேட்கத் தெரியும், குறைக்கச் சொல்லத் தெரியும், எடையில் ஏமாற்றினால் சண்டை பிடிக்கத் தெரியும். அதற்கு மேல் ஏதாவது என்றால் என் பக்கம் திரும்பி, "என்ன சொல்றாங்க கண்ணு?" என்பாள். ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, கரண்ட் ஆபீஸ் எல்லா இடத்துக்கும் என்னை இழுத்துக்கொண்டு போவாள். எனக்கு எரிச்சலாக வரும். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும். காலேஜில் சேர்ந்த பிறகு அந்தப் பெருமை இன்னும் கூடிவிட்டது.

அம்மாவுக்கு ஒரே ஒரு தம்பி. எனக்கு மாமா. கட்டடத்துக்குப் பலகையும் கம்பியும் கட்டும் சென்ட்ரிங் வேலைக்காக எங்கள் வீட்டில் வந்து தங்கியவர், பல வருஷம் எங்களோடேயே இருந்தார். அதிகம் பேசாத மனுஷர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு எங்கேயாவது போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு வருவார். எங்கே போனீர்கள் என்றால், "இங்கதான்" என்பார். நான் காலேஜில் படித்த ஒரு வருஷம் ஒரு மேஸ்திரி அவரைக் கடலோரத்தில் பாலம் கட்டும் வேலைக்குக் கூட்டிப்போனார். உடுப்பிக்கும் வடக்கே, ஆறு கடலில் சேரும் ஒரு சின்ன ஊர். மாமா எங்கே இருந்தாலும் தசராவுக்கு வந்துவிடுவார். அந்தத் தசராவுக்கு வரவில்லை. தீபாவளிக்கு மேஸ்திரிதான் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்று விஷயத்தைச் சொன்னார். மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கியிருந்த ஷெட்டிலிருந்து கிளம்பிப் போன ஆள் திரும்பி வரவில்லையாம். பை அப்படியே இருக்கிறதாம். பம்பாய்க்கு ரயில் ஏறியிருப்பான் என்று கூட இருந்தவர்கள் பேசிக்கொள்கிறார்களாம்.

அம்மா அந்தப் பம்பாயைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். "என்ற தம்பி பம்பாய்ல இருக்கறான். அங்க கூலி ஜாஸ்தி" என்று பக்கத்து வீட்டாருக்கெல்லாம் சொன்னாள். ஹனூரிலிருந்து வந்த அம்மாவின் பெரியப்பா ஒருவர், இத்தனை மாசம் ஆச்சே, காரியத்தைச் செஞ்சிடலாமே என்று மெதுவாக ஆரம்பித்தார். அம்மா அவருக்குப் போட்ட சாப்பாட்டை இலையோடு எடுத்துவிட்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் கடல் என்கிற வார்த்தையை யாரும் எடுக்கவில்லை. அப்பா மட்டும் சில நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஏதோ சொல்ல வாயைத் திறந்து, பிறகு மோர் கேட்பார்.

பொங்கல் கழிந்ததும் மூன்று பேரும் போய் ஒரு தரம் விசாரித்துவிட்டு வருவது என்று முடிவாயிற்று. மலைப்பாதை முழுக்க வாந்தி எடுத்துக்கொண்டே ஒரு ராத்திரியைப் பஸ்ஸில் கழித்து, காலையில் அந்த ஊரில் இறங்கினோம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அம்மா முகம் கழுவத் தண்ணீர் கேட்டாள். கடைக்காரர், "உண்டு, உண்டு" என்று செம்பைக் காட்டினார். மைசூரில் நாங்கள் 'இதெ' என்று சொல்வதை அந்தக் கடலோரத்தில் 'உண்டு' என்றுதான் சொல்வார்கள். அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அட, இவங்க நம்ம மாதிரியே பேசறாங்க புள்ள. இந்தக் கன்னடம் எனக்கே புரியுது" என்றாள். நான் அவளைத் திருத்தவில்லை. வாந்தி எடுத்த களைப்பு.

பாலத்துக்காரர்களின் ஷெட்டில் மாமாவின் பையை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு லுங்கி, ஒரு ஸ்வெட்டர், ஷேவிங் செட். அப்பா ஷேவிங் செட்டை எடுத்துத் திறந்து பார்த்தார்.

"பம்பாய்க்குப் போறவன் இத விட்டுட்டா போவான்?" என்றார், யாரையும் பார்க்காமல்.

"ஏனுங், பம்பாய்ல ஷேவிங் செட்டே கிடைக்காதுங்களா?" என்றாள் அம்மா. பையை அவர் கையிலிருந்து பிடுங்கித் தோளில் மாட்டிக்கொண்டாள்.

ஷெட்டில் சேலத்துக்காரர் ஒருவர் இருந்தார். மாமா ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போவார் என்று கேட்டதற்கு அவர்தான் பதில் சொன்னார். ஊரை ஒட்டிய கடற்கரையில் படகும் வலையும் மீன் நாற்றமுமாக நிற்க இடம் இருக்காதாம். ஆற்றைத் தாண்டி வடக்கே போனால் வேறொரு கரை இருக்கிறதாம். "நல்ல அகலமுங்க. ஒரு ஈ காக்கா இருக்காது. உங்க தம்பி அங்கதான் போயி உக்காந்திருப்பாரு" என்றார். எங்களுக்குப் பஸ் சாயங்காலம்தான். அம்மா அந்தக் கரையைப் பார்க்க வேண்டும் என்றாள். அப்பா வேண்டாம் என்றார். எங்கள் வீட்டில் அப்பா வேண்டாம் என்றால் அது நடக்கப் போகிறது என்று அர்த்தம்.

ஆட்டோக்காரர் சவுக்குத் தோப்பின் முனையில் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டார். தோப்பைத் தாண்டியதும் கரை தொடங்கியது. அதைப் போல ஒரு இடத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. இடப்பக்கம் பார்த்தாலும் மணல், வலப்பக்கம் பார்த்தாலும் மணல், இரண்டு பக்கமும் கடைசியில் வெள்ளையாகப் புகை மாதிரி ஏதோ ஒன்றில் போய் முடிந்தது. மத்தியான வெயில். ஆனாலும் வானம் நீலமாக இல்லை, கழுவின ஸ்லேட்டு மாதிரி இருந்தது. தண்ணீர் ரொம்ப தூரத்தில் இருந்தது. அலை விழுவது முதலில் தெரியும், சத்தம் அப்புறம் வரும். அந்த இடைவெளி எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மாவுக்கு அதுதான் முதல் கடல். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். "இத்தன தண்ணிய எதுக்குச் சும்மா விட்டு வெச்சிருக்காங்க?" என்றாள். அப்பா சிரிக்கப் பார்த்தார். காற்று அந்தச் சிரிப்பைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மணலில் காலடி ஒன்றுகூட இல்லை. எங்களுடையது மட்டும்தான் பின்னால் வந்தது. ஆனால் அந்த மணல் சும்மா கிடக்கவும் இல்லை. கடைக்கண்ணில் அது முழுக்க நகர்ந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடும். இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் நகரும். நண்டுதான், சின்ன நண்டு, நம் நிழல் பட்டதும் வளைக்குள் இறங்கிவிடுகிறது என்று அப்பா சொன்னார். சொன்ன பிறகும் எனக்கு முதுகு கூசியது. பட்டப்பகலில், அப்பா அம்மா கூடவே இருக்க, காலேஜ் படிக்கிற பெண் நான் பயந்தேன். ஒரு தாலுகாவே வந்து உட்காரக்கூடிய இடத்தில் நாங்கள் மூன்று பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடந்தோம்.

பேசினால் கேட்கவில்லை என்பது இன்னொரு கஷ்டம். பக்கத்தில் வருகிறவருக்கே கத்த வேண்டியிருந்தது. ஆனால் எங்கிருந்தோ யாரோ பேசுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு மட்டும் விடாமல் காதில் விழுந்தது. வார்த்தையாகப் பிடிக்கலாம் என்று நின்றால் அலைச் சத்தமாகிவிடும். அம்மாவும் இரண்டு முறை நின்றாள். ஏன் நின்றாய் என்று நான் கேட்கவில்லை.

ஈர மணலுக்கு வந்ததும் அப்பா ஓரிடத்தில் உட்கார்ந்தார். அம்மா மாமாவின் பையைத் தோளில் போட்டபடியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கே தம்பி தனியாக உட்கார்ந்து என்ன பார்த்தான் என்று அவள் யோசித்திருப்பாள். நானும் அதைத்தான் யோசித்தேன். இங்கே பார்க்க ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாத அந்த இடம் எங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. போதும், கிளம்பலாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போதுதான் ஒரு மனுஷர் தெரிந்தார். வடக்கே, நல்ல தூரத்தில், தலையில் துண்டும் தோளில் வீச்சு வலையுமாக ஒரு மீனவர் எங்களை நோக்கி நடந்து வந்தார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. வந்தவர் பாதி வழியில் நின்றார். கடலைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மறுபடி கடலைப் பார்த்தார். பிறகு கையை நீட்டி எங்களுக்கு நேர் எதிரே தண்ணீரைக் காட்டிக் கத்தினார்.

"அல்லி ஆளுண்டு! அல்லி ஆளுண்டு!"

அவர் காட்டிய இடத்தைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் அலை நுரை தள்ளி உடைந்துகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல், கறுப்பாக, இஸ்திரி போட்ட மாதிரி கிடந்தது. அதில் ஒன்றும் இல்லை. எனக்கு உடனே புரிந்துவிட்டது. 'அல்லி' என்றால் அங்கே. கன்னடத்தில் 'ழ' கிடையாது. நம்முடைய ஆழம் அங்கே 'ஆள'. ஆள உண்டு, ஆளுண்டு. அங்கே ஆழம், இறங்காதீர்கள் என்று அந்த நல்ல மனுஷர் எச்சரிக்கிறார். கையை ஆட்டி, சரி சரி என்று காட்டினேன்.

திரும்பிப் பார்த்தால் அம்மா என் பக்கத்தில் இல்லை. வழக்கமாக என்னைக் கேட்பவள் அன்றைக்குக் கேட்கவில்லை. அவளுக்குத்தான் இந்த ஊர்க் கன்னடம் புரியுமே. முழங்கால் தண்ணீரில் இருந்தாள். பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. சேலை தண்ணீரில் விரிய, அந்தக் கறுப்புப் பட்டையை நோக்கி, மார்க்கெட்டில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போவாளே அந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

"அம்மா!" என்று கத்தினேன். அவள் திரும்பவில்லை. அவள் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு போனாள். வாய் அசைவது பக்கவாட்டில் தெரிந்தது, குரல் வரவில்லை. இடுப்பு வரை நடந்தாள். அடுத்த அடியில் அவள் இல்லை. மூழ்கினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. இருந்தாள், இல்லை, அவ்வளவுதான். தண்ணீர் முன்பு போலவே மழமழவென்று கிடந்தது.

அப்பாவுக்கு நீந்தத் தெரியாது. ஆனாலும் கழுத்தளவுக்கு ஓடிவிட்டார். மீனவர் வலையை மணலில் எறிந்துவிட்டு எங்கிருந்து எப்படி வந்தார் என்று தெரியவில்லை. பக்கவாட்டிலிருந்து பாய்ந்து நீந்திப் போய் அம்மாவின் கொண்டையைப் பிடித்துவிட்டார். கரைக்கு நேராக இழுக்காமல் கரைக்கு இணையாகவே கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய், அலை உடைகிற இடத்துக்கு வந்ததும் வெளியே தள்ளினார். அப்பா பிடித்துக்கொண்டார். நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. தொண்டை கட்டிப்போயிருந்ததால் கத்திக்கொண்டே இருந்திருப்பேன். மாமாவின் பை அவளோடு வெளியே வரவில்லை.

அம்மா குப்புறக் கிடந்து இருமினாள். தண்ணீரும் காலையில் தின்ற இட்லியும் வெளியே வந்தன. மூச்சு வந்ததும் முதலில் அவள் சொன்னது, "ஆளுண்டுன்னாரே!"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா செத்திருப்பாள் என்கிற பயம்தான் கோபமாக வந்தது. "உனக்குப் புரியலன்னா என்னக் கேக்கறதுக்கென்ன? ஆளு இல்லம்மா, ஆழம்! அங்க ஆழமா இருக்கு, போகாதீங்கன்னு சொன்னாரு. ஆழத்துக்குக் கன்னடத்துல ஆள. ஆளும் இல்ல, ஒண்ணும் இல்ல. சும்மா போயி செத்திருப்பே!"

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். முடியெல்லாம் மணல்.

"ஆழமா?"

"ஆமா."

"ஆளு இல்லியா?"

"இல்லவே இல்ல."

கன்னட விஷயத்தில் அம்மா என்னை எப்போதும் நம்புவாள். அப்போதும் நம்பினாள். அவள் முகம் மெல்ல இளகியதை நான் பார்த்தேன். "அதான பாத்தேன். அவன் எதுக்கு இங்க நிக்கறான்? பம்பாய்ல இருக்கறவன்" என்றாள். பிறகு வெட்கப்பட்ட மாதிரி சிரித்தாள். அப்பாவும் சிரித்துவிட்டார். தலை முதல் கால் வரை நனைந்து, இரண்டு பேரும் அந்த மணலில் உட்கார்ந்து சிரித்தார்கள். தீபாவளிக்குப் பிறகு அவர்கள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஒரே ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லி நானே மாமாவைப் பம்பாய்க்கு அனுப்பிவைத்த மாதிரி சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் மீனவரிடம் திரும்பினேன். அவர் கொஞ்சம் தள்ளி நின்று தலைத்துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். நன்றி சொன்னேன். பிறகு சிரித்துக்கொண்டே, எங்கள் அம்மா தமிழ் ஆள், நீங்கள் 'ஆள' என்றதை 'ஆளு' என்று கேட்டுவிட்டாள், யாரோ மனுஷர் நிற்கிறார் என்று நினைத்துப் போய்விட்டாள் என்று கன்னடத்தில் விளக்கினேன். அவரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் சிரிக்கவில்லை. துண்டைப் பிழிவதை நிறுத்தினார்.

"ஆள அல்லம்மா" என்றார். "ஆளு."

அந்த ஒரு சொல்லை எந்தப் பாஷையிலும் யாருக்கும் பெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை. அம்மாவின் சிரிப்பு நின்றது. அப்பா எழுந்து நின்றார்.

அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். தூரத்திலிருந்து பார்க்கும்போது அந்த நடுப்பட்டையில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தாராம். தண்ணீர் இடுப்பளவு. அசையாமல், முகம் கரைப் பக்கமாக, எங்களைப் பார்த்தபடி. "உங்க கூட வந்தவருன்னு நெனச்சேன். உங்களையேதான் பாத்துட்டு நின்னாரு" என்றார். குளிக்கிற ஆளாக இருந்தால் அவர் பேசாமல் போயிருப்பாராம். ஆனால் அந்த இடம் அவருக்குத் தெரியும். வலை வீசக்கூட அங்கே யாரும் இறங்க மாட்டார்களாம். "அஷ்டு ஆளதல்லி ஆளு ஹேகம்மா நில்லுத்தானெ?" என்று என்னைக் கேட்டார். அத்தனை ஆழத்தில் ஒரு ஆள் எப்படி நிற்பான்? அதனால்தான் கத்தினாராம்.

நாங்கள் நான்கு பேரும் கடலைப் பார்த்தோம். பட்டை அப்படியே கிடந்தது. இரண்டு பக்கமும் அலை உடைந்தது, நடுவில் உடையவில்லை. எனக்கு அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. எடுத்தால் கடைக்கண்ணில் ஏதாவது நகரும் என்று பயமாக இருந்தது.

அம்மா என்னைக் கேட்காமல் அவரிடமே பேசினாள். அவளிடம் இருந்த கன்னடத்தில் ஒரு மனுஷனைப் பற்றி விசாரிக்க வார்த்தை இல்லை. பூக்காரியிடம் சரத்தின் நீளம் கேட்கிற வார்த்தைதான் இருந்தது. "எஷ்டு உத்தா?" என்றாள். எவ்வளவு நீளம். எவ்வளவு உயரம் என்று கேட்க நினைத்திருக்கிறாள்.

அவருக்குப் புரிந்தது. கையை உயர்த்தப் போனவர் இறக்கிவிட்டார். தண்ணீரில் நின்ற ஆளின் உயரத்தை எப்படியம்மா சொல்வது என்றார். கொஞ்சம் யோசித்து, அந்த இடத்தில் காலூன்றி இடுப்பளவில் நிற்க வேண்டுமென்றால் ஒரு தென்னை உயரம் வேண்டும் என்றார்.

அம்மா தலையை ஆட்டினாள். கணக்குச் சரியாக இருக்கிறது என்பது போலத்தான் ஆட்டினாள். பிறகு எழுந்து, சேலையைச் சுற்றிப் பிழிந்து, முந்தானையை இழுத்துச் செருகினாள். முகத்தில் அழுகை இல்லை. நான் அழுதுகொண்டிருந்தேன். அப்பா அந்த மனுஷரைப் பார்த்துக் கைகூப்பினார். அவர் வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு மரியாதைக்கு எல்லோரும் சொல்வதைச் சொன்னார். "ஹோகி பன்னி." போய்விட்டு வாருங்கள்.

"ஹோகி..." என்று நானும் பழக்க தோஷத்தில் ஆரம்பித்தேன். போய்விட்டு வருகிறோம் என்று முடித்திருப்பேன். அதற்குள் அம்மா எட்டி என் வாயைப் பொத்தினாள்.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலிருந்து கிளம்பினாலும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் கிளம்புவார்கள். ஒரு வீட்டில் மட்டும் சொல்ல மாட்டார்கள். சாவு வீட்டில். அங்கே யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து நடந்துவிட வேண்டும். பெரியப்பா எடுத்துச் சொல்லியும், மேஸ்திரி வந்து சொல்லியும், ஷேவிங் செட்டைக் கண்ணால் பார்த்தும் ஒத்துக்கொள்ளாத என் அம்மா, அந்தக் கரையில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் நடந்தாள். நானும் அப்பாவும் கூடவே நடந்தோம். அவள் கையில் மணல் ஒட்டியிருந்தது, உப்புக் கரித்தது. சவுக்குத் தோப்பு முடிந்து ரோடு வரும்வரை அந்தக் கையை அவள் என் வாயிலிருந்து எடுக்கவில்லை.